திகில் கேம்களிலிருந்து வந்த காமிக்ஸ்: வன்னி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று வன்னியில் சிதறியிருக்கும் சிறிய வாசகர் கூட்டம் எங்களுடையது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் பார்சலில் அனுப்பும் புத்தகங்கள்தான் எங்களுக்குள் கைமாறுகின்றன. அவற்றில் அதிகம் சண்டை மூட்டுபவை திகில் வீடியோ கேம்களை ஒட்டி வந்த காமிக்ஸ். புதிதாகச் சேர்பவர்கள் கேட்பதையும் பழையவர்கள் விடாமல் வாதிடுவதையும் கீழே எழுதியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாத இடங்களையும் மறைக்கவில்லை.

கேமை விளையாடாதவர் காமிக்ஸை நேரே வாசிக்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

வாசிக்கலாம். ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்: அமெரிக்கன் ட்ரீம்ஸ்’ இதழ்களிலிருந்து தொடங்குங்கள். டார்க் ஹோர்ஸ் நிறுவனம் 2013இல் நான்கு இதழ்களாக வெளியிட்டது. கேமை எழுதி இயக்கிய நீல் ட்ரக்மனும் காமிக்ஸ் கலைஞர் ஃபெய்த் எரின் ஹிக்ஸும் சேர்ந்து எழுதினார்கள், வரைந்தவர் ஹிக்ஸ். கேமில் எல்லி என்ற சிறுமிக்குப் பதினான்கு வயது. காமிக்ஸில் பதின்மூன்று. தொற்று பரவிய உலகத்தில், பொஸ்ரன் நகரின் இராணுவப் பாடசாலை ஒன்றில் கொண்டுவந்து விடப்படுகிறாள். அங்கே ரைலி என்ற பெண்ணைச் சந்திக்கிறாள். கதை அவ்வளவுதான். கேமின் பெரிய நாயகனான ஜோயல் இதில் இல்லை. கேமின் முடிச்சு எதுவும் முன்கூட்டியே அவிழ்வதும் இல்லை.

எங்களில் சிலருக்கு ஹிக்ஸின் ஓவியம் பிடிக்காது. கோடுகள் உருண்டையாக, சிறுவர் புத்தகம் போல இருக்கின்றன, பயம் வரவில்லை என்பார்கள். எனக்கு அந்தக் கோடுகள்தான் பிடித்தன. முகங்கள் எளிமையாக இருப்பதால் ஒரு பிள்ளை பொய் சொல்லும்போது கண் எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவது இதழை முடித்ததும் அந்த இருவருக்காகவும் நீங்கள் பயப்படத் தொடங்கிவிடுவீர்கள். தொற்றுக்குள்ளானவர்கள் வரும் கட்டங்கள் அதற்குப் பிறகுதான் உறைக்கின்றன. 2014இல் வந்த ‘லெஃப்ட் பிஹைண்ட்’ என்ற கேம் பகுதி இதே இருவரின் கதையைத் தொடர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே காமிக்ஸ் முன்னே நடந்தது, கேம் பின்னே வந்தது.

‘சைலண்ட் ஹில்’ காமிக்ஸ் மேல் இரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

அந்தக் கோபம் நியாயமானது. முதலில் கேமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொனாமி நிறுவனத்தின் ‘சைலண்ட் ஹில்’ 1999இல் வந்தது. அந்தக் காலத்து பிளேஸ்டேஷனால் தொலைவில் இருப்பதை வரைந்து காட்ட முடியவில்லை. அந்தக் குறையை மூடுபனியாலும் இருளாலும் மறைத்தார்கள். மறைத்ததே அந்த ஊரின் உயிராகிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கையிலிருக்கும் சிறு வானொலி இரையத் தொடங்கினால் ஏதோ நெருங்குகிறது என்று அர்த்தம். அது இன்னும் கண்ணுக்குப் படவில்லை. அந்த இடைவெளியில்தான் முழுப் பயமும் இருக்கிறது.

ஐடிடபிள்யூ நிறுவனம் 2004இல் ‘டையிங் இன்சைட்’ என்ற ஐந்து இதழ் தொடரைக் கொண்டுவந்தது. எழுதியவர் ஸ்கொட் சியென்சின். முதல் இரண்டு இதழ்களை பென் டெம்பிள்ஸ்மித் வரைந்தார், மீதியை ஆடி சல்மான் வரைந்தார். ஒரு மனநல மருத்துவர் தன் நோயாளியான இளம்பெண்ணைக் குணப்படுத்துவதாக நினைத்து அந்த ஊருக்கே அழைத்துச் செல்கிறார். நல்ல தொடக்கம். ஆனால் ஊருக்குள் நுழைந்தவுடன் கட்டங்கள் நிரம்பி வழிகின்றன. பக்கத்துக்குப் பக்கம் உருவங்கள், இரத்தம், வாயாடும் பேய்ச் சிறுமி. பேய் பேசத் தொடங்கி, தன் திட்டத்தையும் விளக்கத் தொடங்கிவிட்டால் மூடுபனிக்கு வேலை இல்லை.

வன்னி வாசகர்கள் இதில் மற்றவர்களைவிடக் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெறுமையான ஊர் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சி நகரத்து மக்கள் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தார்கள். 2009 ஜனவரி தொடக்கத்தில் இராணுவம் நுழைந்தபோது நகரம் காலியாக இருந்தது. பிறகு திரும்பி வந்து அந்தத் தெருக்களைப் பார்த்தவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். ஆளற்ற ஊரில் எல்லாம் அதனதன் இடத்தில் கிடக்கும், சுவரில் பழைய திகதியோடு கலண்டர் தொங்கும், கதவு பாதி திறந்திருக்கும். அதை ஒரு பக்கம் முழுக்க வசனமில்லாமல் வரைந்திருந்தால் எங்களில் யாருக்கும் மூச்சு வந்திருக்காது. சியென்சின் எழுதிய தொடர்களில் அந்தப் பொறுமை இல்லை. என் முதன்மையான குற்றச்சாட்டு அதுதான்.

அப்படியானால் ‘சைலண்ட் ஹில்’ காமிக்ஸ் எதையுமே வாசிக்கத் தேவையில்லையா?

வாசியுங்கள், ஆனால் டொம் வோல்ட்ஸ் எழுதியவற்றை எடுங்கள். 2008இல் வந்த ‘சின்னர்ஸ் ரிவோர்ட்’ தொடரில் ஒரு கூலிக் கொலைகாரன் தன் முதலாளியின் மனைவியோடு தப்பி ஓடும் வழியில் அந்த ஊருக்குள் அகப்படுகிறான். ஊர் அவனுடைய குற்றத்தை அவன் முன் நிறுத்துகிறது. கேமின் ஆதார விதியே அதுதான்: உள்ளே வருகிறவன் எதைச் சுமந்து வருகிறானோ அதையே ஊர் அவனுக்குக் காட்டும். வோல்ட்ஸுக்கு அது விளங்கியிருக்கிறது.

அதைவிடச் சிறந்தது 2010இல் தொடங்கிய ‘பாஸ்ட் லைஃப்’. கதை நடப்பது 1867இல். குதிரையும் துப்பாக்கியுமாக அலைந்த ஒருவன் திருந்தி வாழ நினைத்து, கர்ப்பிணி மனைவியோடு அந்த ஊரில் குடியேறுகிறான். மின்விளக்கும் இல்லை, வானொலியும் இல்லை. கேமின் அடையாளங்கள் என்று இரசிகர்கள் நினைத்தவை எல்லாம் கழிந்த பிறகும் அது சைலண்ட் ஹில்லாகவே இருக்கிறது. மென்டன் ஜே. மேத்யூஸ் தூரிகையால் தீட்டிய பக்கங்களில் பின்னணி பாதி கரைந்து நிற்கிறது. மூடுபனியைக் காகிதத்தில் கொண்டுவர இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

2014இல் வந்த ‘ஆன்ஸ் ஸ்டோரி’யும் வோல்ட்ஸுடையதே. ‘டவுன்போர்’ என்ற ‘சைலண்ட் ஹில்’ கேமின் கதையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கேமில் கைதி ஒருவனைத் துரத்தி வரும் ஆன் என்ற பெண் அதிகாரி இடையிடையே வந்து மறைவாள். மறைந்த நேரத்தில் அவளுக்கு என்ன நடந்தது என்பதை இது சொல்கிறது. கேமை முடித்தவர்கள் மட்டும் வாசிக்க வேண்டிய புத்தகம். மற்றவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

‘ரெசிடன்ட் ஈவில்’ காமிக்ஸ் எப்படி?

நிறைய இருக்கின்றன, தரம் மேலும் கீழுமாக இருக்கும். கப்கொம் நிறுவனத்தின் கேம் 1996இல் வந்தது. 1998இல் தொடங்கி வைல்ட்ஸ்டோர்ம் நிறுவனம் பெரிய அளவுத் தாளில் ஐந்து இதழ்கள் வெளியிட்டது. கேமின் கதையைத் திரும்பச் சொல்லும் பகுதிகளும் புதிய குறுங்கதைகளும் கலந்திருக்கும். 2000ஆம் ஆண்டளவில் ‘ஃபயர் அண்ட் ஐஸ்’ வந்தது. இரண்டையும் வாசிக்கும்போது எனக்கு வருகிற வருத்தம் ஒன்றுதான்: காமிக்ஸுக்கு மிக நெருக்கமான கேமை எடுத்து வைத்துக்கொண்டு சண்டைக்காட்சி வரைந்துவிட்டார்கள்.

நெருக்கம் என்று ஏன் சொல்கிறேன்? முதல் ‘ரெசிடன்ட் ஈவில்’ கேமில் கமரா நகராது. கூடத்தின் மூலையில் ஒரு கோணம், படிக்கட்டின் மேலிருந்து ஒரு கோணம் என்று நிலையாக நிற்கும். நீங்கள் நடந்து ஓரத்தைத் தாண்டியதும் அடுத்த கோணத்துக்கு வெட்டும். ஒவ்வொரு கோணமும் காமிக்ஸின் ஒரு கட்டம்தான். எதிரி அதே அறையில் நின்றாலும் கட்டத்துக்கு வெளியே இருப்பதால் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். அறைக்கு அறை மாறும்போது கறுப்புத் திரையில் ஒரு கதவு மெதுவாகத் திறக்கும். அடுத்த அறையின் தரவு வட்டிலிருந்து ஏறும் நேரத்தை மறைக்கச் செய்த உத்தி அது. ஆனாலும் விளையாடியவர்கள் எல்லோருக்கும் அந்தக் கதவுதான் நினைவில் நிற்கிறது. காமிக்ஸில் அந்தக் கதவின் வேலையைச் செய்வது பக்கம் புரட்டுதல். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கை தாழ்ப்பாளில் இருக்க வேண்டும், உள்ளே இருப்பது புரட்டிய பிறகுதான் தெரிய வேண்டும். வைல்ட்ஸ்டோர்ம் இதழ்களில் இப்படித் திட்டமிட்ட பக்கம் மிகக் குறைவு.

ஹொங்கொங் ஓவியர் லீ சுங் ஹிங் வரைந்த ‘கோட் வெரோனிக்கா’ வேறு வகை. அடி உதை, பறக்கும் கால்கள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். வைல்ட்ஸ்டோர்ம் 2002இல் ஆங்கிலத்தில் நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. எங்கள் கூட்டத்தின் இளையவர்கள் பலருக்கு இதுதான் முதலிடம். பயத்துக்காக அவர்கள் வாசிக்கவில்லை, வேகத்துக்காக வாசிக்கிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நான் பரிந்துரைப்பது நவோக்கி செரிசாவாவின் ‘மார்ஹாவா டிசையர்’ என்ற மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். 2012, 2013 ஆண்டுகளில் தொடராக வந்து ஐந்து தொகுதிகளானது. ஆசியாவில் எங்கோ காட்டு நடுவில் பெரிய விடுதிப் பாடசாலை. உள்ளே தொற்று வந்துவிடுகிறது. பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்று தலைமை அதை வெளியே சொல்ல மறுக்கிறது. பிணந்தின்னிகளைவிட அந்த மறைப்புத்தான் பயமுறுத்துகிறது. விடுதியில் தங்கிப் படித்த எவருக்கும் அந்த மௌனம் எப்படிப்பட்டது என்பது தெரிந்திருக்கும்.

‘டெட் ஸ்பேஸ்’ காமிக்ஸில் யார் யாரென்றே தெரியவில்லையே?

இந்த முறைப்பாடு அடிக்கடி வருகிறது. 2008இல் வந்த ஆறு இதழ்கள். எழுதியவர் அன்ரனி ஜோன்ஸ்டன், வரைந்தவர் மேலே சொன்ன அதே டெம்பிள்ஸ்மித். கறைபடிந்த வண்ணத்துக்குள் முகங்கள் கரைந்துபோகின்றன என்பது உண்மை. முதல் இதழை இரண்டு முறை வாசியுங்கள், சீருடையையும் தலைமுடியையும் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சிக்கல் வராது.

கேமில் ஐசக் கிளார்க் என்ற பொறியியலாளர் இஷிமுரா என்ற கப்பலுக்கு வந்து சேரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நடந்தது என்ன என்பதைத்தான் காமிக்ஸ் சொல்கிறது. ஒரு கிரகத்தில் சுரங்கக் குடியேற்றம், தோண்டும்போது அகப்பட்ட ஒரு பொருள், அதன் பிறகு மக்களின் தூக்கம் கெடுவது, தற்கொலைகள், மதவெறி. இறுதியில் என்ன நடக்கும் என்பது கேமை விளையாடியவருக்குத் தெரியும். தெரிந்தும் வாசிக்கிறோம். பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் ஒழுங்காகத் தன் கடமையைச் செய்துகொண்டே போவதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. ‘டையிங் இன்சைட்’ தொடரில் தோற்ற அதே தூரிகை இங்கே வெல்வதற்குக் காரணம் ஜோன்ஸ்டனின் நிதானம். அரக்கர்களை அவர் பாதி வழிவரை வெளியே விடவில்லை.

போரைக் கண்ட ஊரில் இருந்துகொண்டு இந்தக் கதைகள் எதற்கு? வீட்டில் அம்மா கேட்கிறார்.

அம்மாவின் கேள்விக்கு மரியாதை கொடுங்கள். அவருக்கு இந்தப் புத்தகம் தேவையில்லை என்றால் அது அங்கேயே முடிந்தது. அவர் இருக்கும் அறையில் கேமின் சத்தத்தைக் கூட்டி வைக்காதீர்கள். ‘சைலண்ட் ஹில்’ கேமில் ஊர் உருமாறும்போது ஒலிக்கும் அபாயச் சங்கு எங்கள் வீடுகளில் எவருக்கும் வெறும் ஒலி அல்ல.

இதில்தான் காமிக்ஸின் பெறுமதி எனக்குப் புரிகிறது. எங்கள் கூட்டத்தில் என் வயதை ஒத்த ஒருவர் இருக்கிறார். சத்தத்தினால் இந்தக் கேம்களை அவரால் விளையாட முடியாது. காமிக்ஸை வாசிக்கிறார். காகிதத்தில் சங்கு ஊதாது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது மூடி வைப்பது என்பதை அவரே தீர்மானிக்கிறார். கேமை ஒட்டிய காமிக்ஸ் எல்லாம் இரண்டாம் தரம், பணத்துக்காகச் செய்த பக்கப்பொருள் என்று சொல்லும் இரசிகர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு அவரும் ஒரு காரணம். சிலருக்கு அந்த உலகத்துக்குள் போக இது ஒன்றே வழி.

ஒரு எச்சரிக்கை. ‘அமங் த டாம்ட்’ என்ற 2004ஆம் ஆண்டு ‘சைலண்ட் ஹில்’ இதழ், தோழர்கள் இறந்து தான் மட்டும் உயிரோடிருக்கும் ஒரு படைவீரனின் குற்றவுணர்வைப் பற்றியது. சாக நினைப்பவனின் கதை. யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசித்த பிறகே அதைக் கைமாற்றுகிறோம்.

அக்கா, கைபேசியில் வாசித்தால் போதாதா?

கிடைப்பது அதுதான் என்றால் அதில் வாசி. ஆனால் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை நிறுத்திவிட்டு, கைபேசியைக் குறுக்காகத் திருப்பி, முழுப் பக்கத்தையும் முதலில் ஒருமுறை பார். ஓவியர் ஒரு சிறு கட்டத்துக்குப் பக்கத்தில் ஏன் பெரிய இருட்டை விட்டிருக்கிறார் என்பது முழுப் பக்கத்தில்தான் தெரியும்.

இன்னொரு விடயம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. கேம் இயந்திரங்கள் அணைந்து கிடந்த அந்தக் காலத்தில்தான் எங்கள் காகிதப் புத்தகங்கள் அதிகம் பயணம் செய்தன.

மங்காவை எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது?

வலமிருந்து இடம். கட்டங்களும் அப்படியே. நாலைந்து பக்கங்களில் பழகிவிடும்.

என் மகனுக்குப் பத்து வயது. ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ்’ வேண்டும் என்கிறான். கொடுக்கலாமா?

நீங்கள் முதலில் வாசித்துவிட்டுக் கொடுங்கள். கேம் 2014இல் வந்தது, அதை ஒட்டி 2015இல் ‘த சில்வர் ஐஸ்’ என்ற நாவல், அந்த நாவலின் படக்கதை வடிவம் 2019இல். ஓவியம் சிறுவர்களுக்கு ஏற்றதாகத் தெரியும். பொம்மைக் கரடி, பொம்மை முயல் என்று அட்டையும் ஈர்க்கும். ஆனால் கதையின் நடுவில் இருப்பது சிறுவர்கள் கொல்லப்பட்ட ஒரு பழைய குற்றம். பாடசாலைப் பையிலும் தண்ணீர்ப் போத்தலிலும் அந்தக் கரடியின் படத்தைப் பார்த்துவிட்டுக் கதை பிள்ளைகளுக்கானது என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு, அதுவும் இரவில் தனியே தூங்கப் பயமில்லாத பிள்ளைக்கு என்பது என் கருத்து.

காமிக்ஸிலிருந்து கேமுக்குப் போன ஏதாவது உண்டா?

உண்டு. ‘டூம்’ கேமுக்கு விளம்பரமாக 1996இல் ஒரு மெல்லிய காமிக்ஸ் வந்தது. நாயகன் பைத்தியம் பிடித்தவன் போலக் கத்திக்கொண்டே அரக்கர்களைக் கிழிப்பான். அந்தக் காலத்தில் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. அதில் அவன் கத்திய ‘ரிப் அண்ட் டெயர்’ என்ற முழக்கம் இரசிகர்களின் வாயில் இருபது ஆண்டுகள் உயிரோடிருந்து, 2016ஆம் ஆண்டு ‘டூம்’ கேமுக்குள்ளேயே நுழைந்தது. இரசிகர்கள் விடாப்பிடியாக நேசித்ததால் நடந்த காரியம் அது.

வன்னியை வைத்து இப்படி ஒரு திகில் கதை வரைய முடியுமா?

முடியும், வர வேண்டும். ஆனால் போரைத் திகிலாக்க வேண்டாம். அது பிணங்களை வைத்து வியாபாரம் செய்வதாகிவிடும்.

திகில் கேமின் அடிப்படை, கையில் இருப்பது குறைவு என்பது. நான்கு தோட்டா, அரை மின்கலம். அதை வன்னி விவசாயிக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. கதிர் முற்றும் காலத்தில் காட்டோரத்து வயலில் பரண் கட்டி இரவுக் காவல் இருப்பவர்களிடம் ஒரு ரோச் லைட்டும் சில யானை வெடிகளும்தான் இருக்கும். வெடியை இப்போது கொளுத்துவதா, இன்னும் நெருங்கட்டும் என்று காத்திருப்பதா? பாலை மரங்களுக்குள் ஏதோ முறியும் சத்தம். யானையாக இருந்தால் நல்லது என்று நினைக்க வைக்கும் ஓர் இரவை யாராவது வரைந்தால் அது ‘ரெசிடன்ட் ஈவில்’ கதவுக்குச் சற்றும் குறையாது.

முனியும் கொத்திப் பேயும் எங்கள் பாட்டிமார் சொன்ன கதைகளில் ஏராளம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இருக்கிறது. இவற்றை அழகுக்காக ஒட்டாமல், நம்பிக்கை உள்ளவரின் கண்ணால் வரைய வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களிலும் கேம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: கேம் செய்யப் பணமும் ஆட்களும் வேண்டும், காமிக்ஸுக்குத் தாளும் மையும் போதும். அதை முதலில் செய்யுங்கள். எட்டுப் பக்கம் போதும்.

‘சைலண்ட் ஹில் எஃப்’ கேமுக்குக் காமிக்ஸ் வந்தால் எப்படி இருக்க வேண்டும்?

2025 செப்டெம்பரில் வந்த இந்தக் கேமின் கதை 1960களின் ஜப்பானியச் சிற்றூர் ஒன்றில் நடக்கிறது. எழுதியவர் ரியுகிஷி07 என்ற புனைபெயர் கொண்டவர். அவருடைய ‘ஹிகுராஷி’ கேம் மங்காவானபோது பாகங்களைப் பல ஓவியர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே கிராமம், ஒரே பிள்ளைகள், ஆனால் ஓவியருக்கு ஓவியர் முகமும் கோடும் மாறும். யாரை நம்புவது என்பதே அந்தக் கதையின் கேள்வி என்பதால் அந்த மாற்றம் பொருந்தியது. இதற்கும் அப்படியே செய்யட்டும். நாயகி ஹினாகோவை விட்டுவிட்டு, அவளுடைய தோழர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓவியர், ஒரு தொகுதி. ஊரை வசனமில்லாமல் காட்டப் பத்துப் பக்கங்களாவது ஒதுக்கட்டும். அப்படி வந்தால் எங்கள் கூட்டத்தில் முதல் ஆளாக நான் வாங்குவேன், வாங்கிய வாரமே மாங்குளத்துக்கு அனுப்பிவிடுவேன்.